பொய்ச்சாட்சியும் பொதுச்சினமும்

அயலானுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி கூறலாகாது என்பது பத்துக் கட்டளைகளுள் ஒன்று. கத்தோலிக்கர் இதனை எட்டாம் கட்டளை என எண்ணுவர். சீர்திருத்தச் சபையாருள் பலர் ஒன்பதாவது என்பர். எண்ணிலே வேற்றுமை உண்டேயன்றிக் கருத்திலே வேற்றுமை இல்லை. கொலையையும் களவையும் விலக்கிய வரிசையிலேயே பொய்ச்சாட்சியும் இடம்பெற்றமைக்குக் காரணம் வெளிப்படை. ஒருவனுடைய நற்பெயர் அவனது உடைமை. அதனைப் பறிப்பது களவு. சில வேளைகளில் அது கொலையிலும் சென்று முடியும்.

ஆயினும், இக்கட்டளை நீதிமன்றத்திலே சாட்சிக் கூண்டில் ஏறுபவனுக்கு மட்டுமே உரியது என்ற எண்ணம் நம்மிடையே பரவியிருக்கிறது. பத்திரிகையில் எழுதுபவனுக்கும், கைத்தொலைபேசியில் வந்த செய்தியை ஆராயாது அடுத்தவனுக்கு அனுப்புபவனுக்கும், அதைக் கேட்டு "அப்படித்தான் இருக்கும்" என்று தலையசைப்பவனுக்கும் அது ஒருங்கே உரியது என்பதே நான் இங்கு வற்புறுத்த விரும்புவது.

பழைய ஏற்பாட்டிலே நாபோத்து என்பவனின் வரலாறு உண்டு. அவனுடைய திராட்சைத் தோட்டத்தின்மீது ஆகாபு அரசன் ஆசை கொண்டான். முன்னோரின் உரிமைநிலத்தை விற்க நாபோத்து மறுத்தான். அரசி ஈசபேல் என்ன செய்தாள்? வாளை அனுப்பவில்லை, கடிதங்களை அனுப்பினாள். அரச முத்திரையிட்ட அக்கடிதங்களின்படி ஊரிலே உபவாசம் கூறப்பட்டது, மக்கள் கூட்டப்பட்டனர், இருவர் எழுந்து, நாபோத்து தேவனையும் அரசனையும் பழித்தான் என்றனர். ஊரார் அவனை வெளியே கொண்டுபோய்க் கல்லெறிந்து கொன்றனர்.

இவ்வரலாற்றில் என்னை அச்சுறுத்துபவள் ஈசபேல் அல்லள். அவள் கொடியவள் என்பதை எவரும் அறிவர். என்னை அச்சுறுத்துவோர் அந்த ஊரார். அவர்கள் தோட்டத்தின்மீது ஆசைப்பட்டவர் அல்லர். தேவநிந்தனையைப் பொறாத பக்திமான்களாகவே தம்மை எண்ணியிருப்பர். தம் சினம் நீதியான சினம் என்று நம்பியே கல்லை எடுத்திருப்பர். பொய்யை உண்டாக்கியவள் ஒருத்தி; அதற்குக் கை கொடுத்தது ஓர் ஊரின் பக்தி.

சிலாபத்தில் நிகழ்ந்தது

இது பண்டைக் கதை என்று நாம் ஆறுதல் கொள்ள இயலாது. 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் ஆலயத்திலும், கட்டுவப்பிட்டிப் புனித செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலும், கொழும்பின் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அத்துயரின் நடுவே கொழும்புப் பேராயர் கர்தினால் மெல்கம் ரஞ்சித் ஆண்டகை, பழிவாங்கும் எண்ணத்திற்கு இடங்கொடாது அமைதி காக்கும்படி மக்களை வேண்டினார். மிகப் பலர் அவ்வேண்டுகோளுக்குப் பணிந்தனர் என்பது நம் சபையின் பெருமை.

ஆனால் சரியாக மூன்று வாரங்களின் பின், மே 12ஆம் நாள், கத்தோலிக்கர் நிறைந்து வாழும் சிலாபத்தில் வேறொன்று நிகழ்ந்தது. அவ்வூர் முஸ்லிம் வணிகர் ஒருவர் முகநூலில் நடந்த ஒரு சொற்போரினிடையே, அதிகம் சிரிக்காதே, ஒரு நாள் அழுவாய் என்ற பொருளில் ஆங்கிலத்தில் சில சொற்களை எழுதினார். அது மறுபடியும் குண்டு வெடிக்கப்போகிறது என்னும் எச்சரிக்கையாகக் கொள்ளப்பட்டது. கூட்டம் திரண்டது. முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. ஊரடங்குச் சட்டம் பிறந்தது. மறுநாள் குருணாகல், கம்பஹா மாவட்டங்களிலும் வன்செயல் பரவியது. புத்தளம் மாவட்டத்தில் முஸ்லிம் ஒருவர் வெட்டுண்டு இறந்தார்.

ஏளனம் செய்பவனைப் பார்த்து, "சிரியும், ஒரு நாள் அழுவீர்" என்று சொல்லாத வீதியும் உண்டோ? அச்சொற்களுக்கு மிரட்டல் என்ற பொருளும் கொள்ளலாம். மனம் நொந்தவனின் சுடுசொல் என்ற பொருளும் கொள்ளலாம். எது பொருள் என்பதை அறிய ஒரே வழி, சொன்னவனைக் கேட்பதே. கல்லை எடுத்த கைகளுக்கு அந்தப் பொறுமை இருக்கவில்லை.

இத்தகைய வேளைக்கென்றே திருச்சபையின் பெரியோர் ஒரு நெறியை வகுத்திருக்கின்றனர். 1548இல் அச்சேறிய தமது ஆன்மிகப் பயிற்சி நூலின் தொடக்கத்திலேயே புனித இஞ்ஞாசியார் அதனைக் கூறுகிறார். பிறன் சொன்னதைக் கண்டிப்பதற்கு முன் அதற்கு நற்பொருள் காண விரைய வேண்டும். நற்பொருள் காண இயலாவிடின் அவன் என்ன கருதினான் என்று அவனையே வினவ வேண்டும். அவன் கருத்துப் பிழையாயின் அன்புடன் திருத்த வேண்டும் என்பது அந்நெறியின் சாரம். அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முன்னர், 1529இல் வெளியான சிறிய ஞானோபதேசத்தில், இக்கட்டளைக்கு விளக்கம் எழுதிய மார்ட்டின் லூதரும் ஏறக்குறைய இதனையே போதித்தார். அயலானைப் பழிக்காதிருத்தல் மட்டும் போதாது. அவனுக்காகப் பரிந்து பேசி, அவன் செய்கைகளுக்கு இயன்றவரை நற்பொருள் காணவும் வேண்டும் என்றார். இரு தரப்பாரும் ஒருவரையொருவர் வன்சொற்களால் தாக்கிய காலம் அது. லூதரின் பேனாவும் அவ்வன்மைக்கு விலக்கன்று. இருந்தும் இவ்வொன்றில் இரு தரப்பின் போதனையும் ஒத்திருந்தது.

கிறிஸ்தவனுக்கு இந்நெறி வெறும் நாகரிகம் அன்று. அவனுடைய ஆண்டவரே சொற்புரட்டுக்கு இலக்கானவர். தம் உடலாகிய ஆலயத்தைக் குறித்து இயேசு கூறியதை, எருசலேம் தேவாலயத்தை இடிப்பேன் என்று மிரட்டியதாக மாற்றிப் பிரதான குருவின் முன்னே சாட்சி சொன்னார்கள். திரிக்கப்பட்ட ஒரு வாக்கியத்தின் நிழல் சிலுவையின்மேலும் விழுந்திருக்கிறது. அச்சிலுவையை வணங்குபவன் அயலானின் வாக்கியத்தைத் திரிக்கும் கூட்டத்தில் நிற்பது எங்ஙனம் பொருந்தும்?

குருணாகலில் ஒரு வைத்தியர்

அதே மே மாதம் 23ஆம் நாள், சிங்கள நாளேடொன்றின் முதற்பக்கத்தில் ஒரு செய்தி வெளிவந்தது. முஸ்லிம் வைத்தியர் ஒருவர் மகப்பேற்றுச் சத்திரசிகிச்சையின்போது, 4,000 சிங்கள பௌத்தப் பெண்களுக்கு அவர்கள் அறியாமலே கருத்தடை செய்துவிட்டார் என்றது அச்செய்தி. மறுநாளே குருணாகல் போதனா வைத்தியசாலையைச் சேர்ந்த வைத்தியர் ஒருவர் கைதானார். நூற்றுக்கணக்கான தாய்மார் முறைப்பாடு செய்ய முன்வந்தனர். சத்திரசிகிச்சைக் கூடத்திலே உடனிருந்த தாதியர் உட்படப் பலரிடம் குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தார் வாக்குமூலம் பெற்றனர். குற்றச்சாட்டை நிறுவும் சான்று கிடைக்கவில்லை என்று ஜூன் மாதத்தில் நீதிமன்றத்துக்கு அறிவித்தனர். ஜூலையில் வைத்தியர் பிணையில் வெளிவந்தார். ஆயினும் நெடுங்காலம் கட்டாய விடுமுறையிலேயே வைக்கப்பட்டார்.

இதிலே வஞ்சிக்கப்பட்டவர் வைத்தியர் மட்டுமோ? இரண்டாவது குழந்தைக்காக ஏங்கியிருந்த தாய் ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். இயற்கையாகவே நேரக்கூடிய ஒரு குறைக்கு, ஒரே இரவில் அவளுக்கு ஒரு பகைவன் காட்டப்பட்டான். அவளுடைய கண்ணீர் உண்மை. காரணமாகக் காட்டப்பட்டதற்கோ சான்றில்லை. அவதூறு குற்றமற்றவனை வருத்துவதோடு நில்லாது, துயருற்றவரின் துயரையும் தனக்குக் கருவியாக்கிக்கொள்கிறது. உயிர்த்த ஞாயிறன்று மாண்டோரின் இரத்தமும் அவ்வாறே கருவியாக்கப்பட்டது.

அநீதியைக் கண்டு சினங்கொள்ளுதல் கிறிஸ்தவனுக்குத் தகாதோ என்று சிலர் வினவலாம். தகும். ஆமோஸ் தீர்க்கதரிசி ஏழைகளை மிதித்தோர்மீது சினந்தார். நாத்தான் தாவீது அரசனின் முகத்துக்கு நேரே அவன் பாவத்தை எடுத்துரைத்தார். அவர்கள் அறிந்ததையே கூறினார்கள். குற்றவாளியின் முன்னிலையிலேயே கூறினார்கள். மத்தேயு சுவிசேஷத்தின் பதினெட்டாம் அதிகாரமும் ஓர் ஒழுங்கைக் கற்பிக்கிறது. குற்றம் செய்த சகோதரனிடம் முதலில் தனியே செல். பின்பு ஓரிருவருடன் செல். அதன் பின்னரே சபைக்கு அறிவி என்பது அவ்வொழுங்கு. இன்று நாம் இதனைத் தலைகீழாக்கி, முதலில் உலகுக்கு அறிவிக்கிறோம்; சகோதரனிடம் ஒருபோதும் செல்வதில்லை.

பொய்ச்சினம் நீதிச்சினத்தின் வலிமையையும் திருடிவிடுகிறது. குண்டுவெடிப்பைப் பற்றி முன்கூட்டியே வந்த புலனாய்வு எச்சரிக்கைகளைப் பொருட்படுத்தாது விட்டவர் யார் என்பதே 2019இல் நாடு கேட்டிருக்க வேண்டிய கேள்வி. முன்னாள் ஜனாதிபதியும் உயர் அதிகாரிகளும் கடமை தவறினர் என்று உயர் நீதிமன்றம் தீர்த்து நட்டஈடு விதித்தது 2023 ஜனவரியிலேதான். உண்மை நான்கு ஆண்டுகளாக நடந்து வந்தது. கல் ஒரு பிற்பகலில் பறந்து சென்றது.

ஈடு செய்தல்

1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் நாவின் குற்றங்களை நுட்பமாக வகுக்கிறது. பொய் கூறிப் பெயரைக் கெடுப்பது அவதூறு. உண்மையான குறையாயினும் தக்க காரணமின்றி வெளியிடுவது புறங்கூறல். போதிய ஆதாரமின்றிப் பிறன்மேல் குற்றத்தை மனத்தளவில் ஏற்றுக்கொள்வதும் ஒரு பாவம். அது அவசரத் தீர்ப்பு. இம்மூன்றாவதே வாசகனுக்கு உரியது. அவன் வாய் திறக்க வேண்டியதில்லை, நம்பினாலே போதும். வள்ளுவரும் புறங்கூறாமைக்கென ஓர் அதிகாரம் வகுத்தாராகையால், இவ்வறம் நம் மண்ணுக்குப் புதியதன்று.

திருடிய பொருளைத் திருப்பிக் கொடாத கள்வனுக்கு மன்னிப்பு நிறைவாகாதது போல, கெடுத்த பெயரைச் சீர்ப்படுத்தாதவனுக்கும் கடன் தீராது என்பது திருச்சபையின் போதனை. முதற்பக்கத்திலே கொட்டை எழுத்தில் பறித்த பெயரை, உட்பக்கத்து மூலையில் நான்கு வரிகளால் மீட்டுக் கொடுக்க இயலுமா? நூறு பேருக்கு அனுப்பிய பொய்யை மௌனமாக அழித்துவிடுவது ஈடாகுமா? எத்தனை பேருக்கு அனுப்பினோமோ அத்தனை பேருக்கும், "நான் சொன்னது பொய்" என்று சொல்வதே ஈடு.

2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், நாடு மருந்துக்கும் வழியின்றித் தவித்தபோது, அந்தக் குருணாகல் வைத்தியர் தமக்குக் கிடைத்த சம்பள நிலுவையான 26 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட தொகையை, அத்தியாவசிய மருந்துகள் வாங்கும்படி சுகாதார அமைச்சுக்கு வழங்கினார். தம்மைத் தூற்றிய நாட்டின் நோயாளருக்கே அவர் அதனைக் கொடுத்தார். தீமைக்கு நன்மை செய்க என்ற போதனையை ஞாயிறுதோறும் பிரசங்க மேடையிலிருந்து கேட்பவர்கள் நாம். அதனைச் செய்து காட்டியவர் ஓர் இஸ்லாமியர். அவரைப் பற்றி அன்று நாம் நம்பியதும் பேசியதும் என்ன என்று நம் சபைகளில் ஒவ்வொருவரும் தம் நெஞ்சைக் கேட்டு, பேசியதற்கு ஈடு செய்யும் கடனை இனியாவது தொடங்குதல் நன்று.