துணி மூட்டையோடு மலையேறுகிறீர்களா? கொடுக்கும் முன் ஒரு போன் போடுங்க!

டிசம்பர் கடைசி வாரம் வந்தால் போதும், சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டிகள் வரிசை கட்டும். அரையாண்டு விடுமுறை, கிறிஸ்துமஸ், புத்தாண்டு, அடுத்து பொங்கல் என ஜனவரி பாதி வரை மலையில் கூட்டம்தான்.

இதே நாள்களில்தான் நம் மனசும் கொஞ்சம் இளகும். 'போறதுதான் போறோம், பீரோவுல சும்மா கிடக்கிற துணியையும் எடுத்துட்டுப் போய் மலைக் கிராமத்துல யாருக்காவது கொடுத்துடலாமே' என்று வீட்டில் யாராவது ஒருவர் சொல்வார். டிக்கியில் ஒரு மூட்டை ஏறிவிடும்.

நல்ல எண்ணம்தான். அந்த மூட்டை யாருக்காவது உண்மையிலேயே பயன்பட வேண்டும் என்றால், கிளம்பும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது.

நமக்கு லீவு... அவர்களுக்கு அறுவடை!

ஏற்காட்டைத் தாண்டி, சேர்வராயன் மலையின் காபித் தோட்டப் பகுதியில் இருக்கிறது நாகலூர். இந்த மலையில் காபி வேர்பிடித்து 200 ஆண்டுகள் ஆகிவிட்டன. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற ஆங்கிலேயர் 1820-களில் கொண்டுவந்த பயிர் அது. நவம்பரில் தொடங்கி ஜனவரி வரை காபிப் பழம் பறிக்கும் காலம். கூலி வேலைக்குப் போகிறவர்களுக்குக் கையில் நாலு காசு புரளும் மாதங்களும் இவைதான்.

அதாவது, நாம் விடுமுறையில் போகும் நாள்களில் ஊர்க்காரர்களில் பலர் தோட்டத்தில் இருப்பார்கள். 'பள்ளிக்கூடத்துல கொடுத்துடலாம்' என்று போனால், நமக்கு லீவு விட்ட அதே அரையாண்டு விடுமுறை அங்கேயும்தானே? கதவு பூட்டியிருக்கும். கடைசியில், ரோட்டோரம் கண்ணில் படும் நாலு குழந்தைகளைக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

இது மலைக் கிராமங்களுக்கு மட்டுமான சிக்கல் இல்லை. கேட்காமல் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை, தமிழ்நாடு இதே போன்ற ஒரு விடுமுறைக் காலத்தில் கண்கூடாகப் பார்த்திருக்கிறது.

நாகப்பட்டினம் சொன்ன பாடம்

2004 டிசம்பர் 26. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை சுனாமி வந்தது. தமிழ்நாட்டில் அதிக உயிர்களைப் பறிகொடுத்தது நாகப்பட்டினம் மாவட்டம். தமிழ்நாடு முழுவதிலிருந்தும், பிற மாநிலங்களிலிருந்தும் லாரி லாரியாகப் பொருள்கள் போய்க் குவிந்தன. அவற்றில் கணிசமானவை பழைய துணிகள்.

ஆனால் மீனவர்கள் பலர் அந்தத் துணிகளைத் தொடவில்லை. அதற்கு முந்தின நாள் வரை கடலுக்குப் போய்ச் சொந்தக் காலில் நின்றவர்கள் அவர்கள். படகும் வலையும் வீடும் போயிருந்த நேரத்தில், யாரோ உடுத்திக் கழித்த சட்டையை வரிசையில் நின்று வாங்க அவர்களுக்கு மனம் வரவில்லை. வந்ததிலும் கிழிந்தவை, கறை படிந்தவை, கடற்கரை வெயிலுக்கு ஒத்தே வராதவை ஏராளம். சாலையோரங்களில் அவை மலைபோல் கிடந்ததை அன்றைய செய்திப் படங்களில் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். உதவி என்று அனுப்பியது கடைசியில், மீட்புப் பணிக்கு நடுவே அள்ள வேண்டிய குப்பையாகிப்போனது.

அப்படித் தேங்கிய துணிகளைக் கையில் எடுத்த அமைப்புகளில் ஒன்று டெல்லியைச் சேர்ந்த 'கூஞ்ச்'. 1999-ல் அன்ஷு குப்தா தன் வீட்டிலிருந்த 67 துணிகளோடு தொடங்கியது அது. வரும் துணிகளைப் பிரித்து, துவைத்து, தைத்து, உடுத்தத் தகுந்ததை உடையாகவும், மிஞ்சிய பருத்தித் துணியைப் பெண்களுக்கான மாதவிடாய்த் துணி அணையாடையாகவும் மாற்றுகிறார்கள்.

இவர்களுடைய வழிமுறை கவனிக்க வேண்டியது. கிராமத்து மக்களே தங்கள் ஊருக்கு என்ன வேலை வேண்டும் என்று முடிவுசெய்கிறார்கள். கிணறு தூர்வாருவது, பாதை சீராக்குவது என அவர்களே அதைச் செய்து முடிக்கிறார்கள். அதற்கான பரிசாகத் துணிகள் போய்ச் சேர்கின்றன. கை நீட்டி வாங்கிய இடத்தில், உழைத்துப் பெற்றோம் என்ற நிமிர்வு வந்துவிடுகிறது. 2015-ல் அன்ஷு குப்தாவுக்கு ரமோன் மகசேசே விருது கிடைத்தது.

நம் ஊரிலும் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. 2017-ல் அப்போதைய கலெக்டர் சந்தீப் நந்தூரி முயற்சியில் திருநெல்வேலியில் 'அன்புச் சுவர்' வந்தது. தேவைக்கு மேல் இருப்பதை வைத்துவிட்டுப் போகலாம், தேவைப்படுகிறவர் எடுத்துக்கொள்ளலாம். ஈரானின் மஷாத் நகரில் 2015-ல் பிரபலமான யோசனை இது. கொடுத்தவர் யார், எடுத்தவர் யார் என்று யாருக்கும் தெரியாது. யாரும் யாருக்கும் நன்றி சொல்லி நிற்க வேண்டியதும் இல்லை.

சரி, யாரைக் கேட்பது?

நாகலூருக்கு என்ன தேவை என்பது நாகலூரில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். பள்ளித் தலைமை ஆசிரியர், அங்கன்வாடிப் பணியாளர், கிராம சுகாதார செவிலியர், ஊராட்சி அலுவலகம். இந்த நால்வரில் ஒருவரிடம் பேசினாலே பாதித் தெளிவு கிடைத்துவிடும். தங்கப்போகும் விடுதியில் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் அக்கம்பக்கத்துக் கிராமத்துக்காரர்கள்தான். அவர்களிடம் கேட்டாலும் வழி சொல்வார்கள்.

பதில் நாம் நினைத்ததாக இருக்க வேண்டும் என்று அவசியம் இல்லை. உதாரணத்துக்கு, அரசு தொடக்கப் பள்ளிகளில் மதிய உணவோடு 2022-லிருந்து காலை உணவுத் திட்டமும் படிப்படியாக வந்துவிட்டது. நாம் பொட்டலம் கட்டிக் கொண்டுபோகும் சாப்பாட்டைவிட நல்ல கம்பளியும், மழைக்கோட்டும், சரியான அளவுச் செருப்பும் அங்கே பெரிய உதவியாக இருக்கலாம். கிட்டத்தட்ட 5,000 அடி உயரத்தில் மார்கழிக் குளிர் எப்படி இருக்கும் என்று ஓர் இரவு தங்கினாலே தெரியும்.

அரசுப் பள்ளிக்கு உதவ நினைத்தால் ஊருக்குப் போகக்கூட வேண்டாம். 2022 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டத்தின் இணையதளத்தில் பள்ளியைத் தேர்ந்தெடுத்து, அதன் தேவைக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம்.

மழைக்காலத்தில் கேட்டுவிட்டுப் போவது இன்னும் முக்கியம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை ஏற்காட்டையும் விட்டுவைக்கவில்லை. மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து தடைபட்டது. அப்படிப்பட்ட நேரத்தில் நல்லெண்ணத்தோடு ஏறும் கார்கூட, மண் அள்ளும் இயந்திரத்துக்கும் ஆம்புலன்ஸுக்கும் இடைஞ்சல்தான்.

கிளம்பும் முன் ஒரு செக்லிஸ்ட்

* உங்கள் பிள்ளைக்குப் போடுவீர்களா? துணி மூட்டையில் ஒவ்வொன்றையும் எடுத்து இந்தக் கேள்வியைக் கேளுங்கள். 'மாட்டேன்' என்றால் அது வீட்டில் கரித்துணியாகட்டும். கொடுப்பதைத் துவைத்து, பட்டன் தைத்து, அளவு எழுதிக் கட்டுங்கள்.

* உள்ளாடைகள் புதிதாக மட்டுமே. காலாவதி தேதி நெருங்கிய மருந்து, பிஸ்கட் எதுவும் வேண்டாம்.

* பேரம் பேசாதீர்கள். ரோட்டோரம் மிளகும் கொய்யாவும் பலாவும் விற்கும் பாட்டியிடம் 20 ரூபாய் குறைத்து வாங்கிவிட்டு, அடுத்த வளைவில் அன்னதானம் செய்வதில் என்ன கணக்கு? சொன்ன விலைக்கு வாங்குவதே ஒரு கௌரவமான உதவி.

* குரங்குகளுக்கு வேண்டவே வேண்டாம். புண்ணியம் என்று நினைத்துப் போடும் பிஸ்கட், குரங்குகளைச் சாலைக்கு இழுத்து வண்டியில் அடிபட வைக்கிறது. வனத்துறை தொடர்ந்து எச்சரிக்கும் விஷயம் இது.

* பிளாஸ்டிக் கவரில் கட்டாதீர்கள். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் தடை. உங்கள் பரிசைச் சுற்றிய கவர், மலையில்தான் தங்கும்.

அந்த ஒரு போட்டோ...

கொடுக்கும்போது போன் வெளியே வருவது இன்று பழக்கமாகிவிட்டது. எட்டு வயசுப் பையன் ஸ்வெட்டரைக் கையில் வாங்கிக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறான். பத்து வருஷம் கழித்து அவன் கல்லூரியில் படிக்கும்போதும் அந்தப் படம் இணையத்தில் இருக்கும். 'வாங்கியவன்' என்ற அடையாளத்தோடு.

பிறந்தநாளுக்கும் பண்டிகைக்கும் குழந்தைகள் இல்லங்களுக்குப் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளின் அடையாளத்தை வெளியிடுவது, 2015-ம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவின்படி குற்றம். 6 மாதம் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம். கொடுத்ததற்கு நினைவு வேண்டுமென்றால், கட்டி வைத்த மூட்டையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மூட்டையே இல்லாமல் ஓர் உதவி

பண்டிகை வாரங்களில் எல்லோரும் ஊருக்குப் போய்விடுவோம். கல்லூரிகளுக்கும் விடுமுறை என்பதால் மாணவர்களின் ரத்ததான முகாம்களும் நடக்காது. ஆனால் விபத்துக்கும் பிரசவத்துக்கும் லீவு கிடையாதே! ரத்தத் தட்டணுக்களைச் சேமித்து வைக்க முடிவது சுமார் 5 நாள்கள்தான். முன்கூட்டியே நிறைய எடுத்துவைக்கவும் வழியில்லை.

18 முதல் 65 வயதுக்குள், 45 கிலோவுக்குக் குறையாத எடையோடு ஆரோக்கியமாக இருப்பவர்கள் ரத்தம் கொடுக்கலாம். ஆண்கள் 3 மாதங்களுக்கு ஒருமுறை, பெண்கள் 4 மாதங்களுக்கு ஒருமுறை. மலையேறும் முன் சேலத்திலோ உங்கள் ஊரிலோ உள்ள அரசு மருத்துவமனை ரத்த வங்கியில் விசாரித்துப் பாருங்கள்.

ஜனவரிக்குப் பிறகு?

1867-ல் வடலூரில் வள்ளலார் தொடங்கிய தருமச்சாலையின் அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. பசி பண்டிகை பார்த்து வருவதில்லை என்பதை நம் ஊர் எப்போதோ புரிந்துவைத்திருக்கிறது.

காபி அறுவடை முடிந்து கூலி நாள்கள் குறையும்போதும், ஜூனில் பள்ளி திறந்து நோட்டு, பை, செருப்பு என்று செலவு நிற்கும்போதும் மலைக்கு மூட்டை ஏற்றிப் போக யாருக்கும் தோன்றுவதில்லை. அதனால் இந்த டிசம்பரில் ஏற்காட்டுக்குப் போனால், நாகலூரிலோ வழியில் வேறெந்தக் கிராமத்திலோ ஒரு பள்ளியின் போன் நம்பரை மட்டும் கேட்டு வாங்கி வாருங்கள்.

இந்தக் கட்டுரையைப் படிக்கும் அதே போனில் மே கடைசி வாரத்துக்கு ஒரு ரிமைண்டர் வையுங்கள். அது ஒலிக்கும்போது அந்த நம்பருக்குக் கூப்பிட்டு, 'சார், ஸ்கூல் திறக்கிறப்போ பசங்களுக்கு என்ன வேணும்?' என்று கேளுங்கள். மூட்டையை அப்புறம் கட்டிக்கொள்ளலாம்.