உங்களுக்குத் தெரியுமா? சேதுபதியின் சிறையில் ஒரு லிஸ்பன் துறவி
ராமநாதபுரம் மாவட்டம் ஓரியூரில் 1693 பிப்ரவரி 4 அன்று தலை வெட்டப்பட்ட அருளானந்தர் என்கிற ஜான் டி பிரிட்டோ, 1647இல் லிஸ்பனில் பிறந்த இயேசு சபைத் துறவி. வெறும் மதப்பகையே அவரைக் கொன்றது என்று சொல்வது வரலாற்றுக்கு நியாயமாகாது. 1686இல் மறவர் நாட்டில் பிடிபட்டு, தம் உபதேசியார்களோடு கொடிய சித்திரவதையை அனுபவித்தவரை ராமநாதபுரத்துக்கு வரவழைத்து விசாரித்த மன்னர் கிழவன் சேதுபதி விடுதலைதான் செய்தார். இனி இந்நாட்டில் போதிக்கக் கூடாது என்பதே அவர் விதித்த நிபந்தனை. அதே மன்னர் பின்னர் மரண தண்டனை வரை போனதற்குக் காரணம் அரச குடும்பத்துக்குள் இருந்தது. பிரிட்டோவிடம் ஞானஸ்நானம் பெற்ற மறவர் இளவரசர் தடியத்தேவர் ஒரே மனைவியோடு வாழத் தீர்மானித்தார். அவர் விலக்கிய மனைவியரில் ஒருத்தி சேதுபதியின் உறவுப்பெண். பாளையங்களைப் பெண் கொடுத்து, பெண் எடுத்துப் பிணைத்திருந்த ஆட்சியில் அது அரசியல் அடி.

தடையை மீறியவர் தானாகத் தேடிக்கொண்ட முடிவுதானே என்று கேட்கலாம். மீறினார், உண்மை; விலக்கப்பட்ட பெண்களின் துயரையும் மறக்கக் கூடாது. ஆனால் இறப்பதற்கு முந்தைய நாள் ஓரியூர்ச் சிறையிலிருந்து சக துறவிகளுக்கு அவர் எழுதிய கடிதங்களில், சாவை மகிழ்ச்சியோடு எதிர்நோக்கும் மனமே தெரிகிறது. ஆட்சியைப் பிடிக்க வந்த அந்நியரின் மனம் அப்படி இருக்காது. வந்த துறவி அந்நிய ஆட்சியின் ஆளோ என்ற அச்சம் கடலுக்கு அப்பால் கண்டியிலும் இருந்தது: கோவாவிலிருந்து சென்ற கத்தோலிக்கக் குரு ஜோசப் வாஸ், போர்த்துகீசிய ஒற்றர் என்ற சந்தேகத்தில் 1692இல் சிறைப்பட்டார். அங்கேயே சிங்களம் கற்று, சிறு குடிலைக் கோவிலாக்கி வழிபாடு நடத்தினார்.