பழைய வன்தட்டை மீள வடிவமைத்து மேலதிகச் சேமிப்பகமாகப் பயன்படுத்துதல்

க.பொ.த. (சாதாரண தரம்) – தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல்
அலகு: பணிசெயல் முறைமை – சேமிப்பகங்களைப் பராமரித்தல்

1. அறிமுகம்

விண்டோஸ் 10 பணிசெயல் முறைமைக்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆந் திகதியுடன் நிறுத்தப்பட்டது. விண்டோஸ் 11ஐ ஏற்கும் வசதியில்லாத பல கணினிகள் இதனால் வீடுகளிலும் கடைகளிலும் ஒரு மூலைக்குப் போய்விட்டன. கணினி பழையதாகிவிட்டாலும் அதனுள் இருக்கும் வன்தட்டு பெரும்பாலும் இன்னும் வேலை செய்யக்கூடியது. நாம் பேச்சில் ‘ஹார்ட் டிஸ்க்’ என்று சொல்வது இதனையே. அதனைக் கழற்றி, மீள வடிவமைத்து, இன்னொரு கணினியில் மேலதிகச் சேமிப்பகமாகப் பயன்படுத்தலாம்.

இவ்வேலை செய்முறையில் இலகுவானது. ஆனால் ‘ஃபோமட் பண்ணினால் எல்லாம் அழிந்துவிடும்’ என்று மாணவர் பலர் கூறுவர். இது பாதி உண்மையே. மற்றப் பாதியை அறியாதபடியால் சிலர் தமது கோப்புகளை இழக்கின்றனர். வேறு சிலர் தமது அந்தரங்கத் தகவல்களைப் பிறர் கையில் கொடுத்துவிடுகின்றனர். ஆகவே இப்பாடத்தில் படிமுறைகளுடன் காரணங்களையும் விளங்கிக்கொள்வோம்.

2. பெயர்க் குழப்பம் ஒன்று

பரீட்சையில் ‘துணைச் சேமிப்பகம்’ எனக் கேட்கப்பட்டால், அது கணினியில் இரண்டாவதாகப் பூட்டப்பட்ட தட்டை மட்டும் குறிப்பதன்று. மின் நின்றதும் தரவை இழக்கும் தற்போக்கு அணுகல் நினைவகம், அதாவது ‘ரம்’, முதன்மை நினைவகம் ஆகும். மின் இல்லாதபோதும் தரவைப் பேணும் வன்தட்டு, இறுவட்டு, பென் டிரைவ் யாவும் துணைச் சேமிப்பகங்களே. எனவே விண்டோஸ் நிறுவப்பட்டுள்ள பிரதான வன்தட்டும் துணைச் சேமிப்பகம். நாம் புதிதாகச் சேர்க்கும் பழைய வன்தட்டும் துணைச் சேமிப்பகம்.

3. வடிவமைத்தல் என்றால் என்ன?

வன்தட்டின் உள்ளே காந்தப் பூச்சுள்ள வட்டத் தகடுகள் சுழலுகின்றன. தகட்டின் மேற்பரப்பு வட்டமான தடங்களாகவும், ஒவ்வொரு தடமும் துண்டங்களாகவும் பிரிக்கப்பட்டுள்ளது. பழைய தட்டுகளில் ஒரு துண்டம் 512 பைற்று. பிற்காலத் தட்டுகள் பலவற்றில் 4096 பைற்று. இப்பிரிப்பு தொழிற்சாலையிலேயே செய்யப்படுகிறது. இதனைத் தாழ்மட்ட வடிவமைத்தல் என்பர். நாம் வீட்டில் செய்வது உயர்மட்ட வடிவமைத்தல், அதாவது தட்டில் ஒரு கோப்பு முறைமையை உருவாக்குதல்.

இதனை ஒரு நூலகத்துடன் ஒப்பிடுவோம். இறாக்கைகளில் நூல்கள் உள்ளன. எந்த நூல் எந்த இறாக்கையில் உள்ளது என்பது நூற்பட்டியில் எழுதப்பட்டுள்ளது. விரைவு வடிவமைப்பின்போது பழைய நூற்பட்டி நீக்கப்பட்டு வெறுமையான புதிய நூற்பட்டி வைக்கப்படுகிறது. நூல்கள் இறாக்கையிலேயே இருக்கின்றன. பட்டியைப் பார்க்கும் பணிசெயல் முறைமைக்கு நூலகம் வெறுமையாகத் தெரியும். புதிய நூல் ஒன்று வந்து பழைய நூலின் இடத்தைப் பிடிக்கும்போதுதான் பழையது உண்மையாக இல்லாமற் போகிறது.

முழு வடிவமைப்பு இதனின்றும் வேறானது. விண்டோஸ் விஸ்டாவும் அதற்குப் பின்வந்த பதிப்புகளும் முழு வடிவமைப்பின்போது அப்பிரிவு முழுவதிலும் பூச்சியங்களை எழுதுகின்றன. பழுதான துண்டங்களையும் கண்டறிகின்றன. விண்டோஸ் எக்ஸ்பியில் முழு வடிவமைப்பு பழுதான துண்டங்களைத் தேடியதேயன்றிப் பழைய தரவின் மீது எழுதவில்லை.

4. தொடங்குவதற்கு முன்

(அ) பிரதி எடுத்தல்: பழைய தட்டிலுள்ள படங்கள், ஆவணங்கள் ஆகியவற்றை வேறோர் இடத்திற்குப் பிரதி செய்து, அவற்றுட் சிலவற்றைத் திறந்தும் பார்க்க வேண்டும். பிரதி செய்யப்பட்ட கோப்பு திறக்கிறதா என்பதே முக்கியம்.

(ஆ) தட்டின் உடல்நலம்: ‘டக் டக்’ என்ற ஓசை, கோப்பு திறக்க நெடுநேரம் எடுத்தல், இடையிடையே தட்டு மறைந்துபோதல் ஆகியன பழுதின் அறிகுறிகள். வன்தட்டுகளில் உள்ள ‘ஸ்மார்ட்’ எனும் தற்பரிசோதனை வசதியைக் காட்டும் மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அதில் மாற்றீடு செய்யப்பட்ட துண்டங்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் அத்தட்டை நம்ப வேண்டாம். வடிவமைத்தல் பொறிமுறைப் பழுதைத் திருத்தாது.

(இ) இணைப்பு வகை: 40 ஊசிகளுள்ள அகன்ற நாடா வடம் பொருந்துவது ஐ.டி.ஈ. வகை. 7 தொடுகைகளுள்ள ஒடுங்கிய தரவு வடம் பொருந்துவது சாட்டா வகை. 2003 அளவில் சந்தைக்கு வந்த சாட்டா, பின்னர் ஐ.டி.ஈ.யின் இடத்தைப் பிடித்தது. புதிய தாய்ப்பலகைகளில் ஐ.டி.ஈ. இணைப்பு இல்லாததால் அவ்வகைத் தட்டுக்கு யூ.எஸ்.பி. மாற்றி தேவை.

5. தட்டை இணைத்தல்

மேசைக் கணினியினுள் பூட்டுவதாயின், கணினியை நிறுத்தி மின்வடத்தையும் கழற்றிய பின்னரே பெட்டியைத் திறக்க வேண்டும். உடலிலுள்ள நிலைமின் சுற்றைப் பாதிக்காதிருக்க, பெட்டியின் பூச்சற்ற உலோகப் பகுதியைத் தொட்ட பின் வேலையைத் தொடங்குக. ஐ.டி.ஈ. தட்டாயின் பின்புறத்துச் சிறு இணைப்பியை ‘மாஸ்டர்’ அல்லது ‘ஸ்லேவ்’ நிலைக்கு முறையாக மாற்ற வேண்டும்.

வெளியிலிருந்து யூ.எஸ்.பி. மூலம் இணைப்பதாயின் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க. மடிக்கணினியின் 2.5 அங்குலத் தட்டுக்கு 5 வோல்ற்று போதும், அதனை யூ.எஸ்.பி. வழங்கும். மேசைக் கணினியின் 3.5 அங்குலத் தட்டுக்கு 12 வோல்ற்றும் வேண்டும். அதற்குத் தனியான மின்வழங்கியுள்ள மாற்றியை வாங்க வேண்டும்.

பழைய தட்டில் விண்டோஸ் இருந்தால், கணினி அதிலிருந்து தொடங்க முயலலாம். அவ்வாறாயின் பயோஸ் அமைப்பில் தொடங்கல் ஒழுங்கில் பிரதான தட்டை முதலில் வைக்க வேண்டும்.

6. மீள வடிவமைக்கும் படிமுறைகள் (விண்டோஸ்)

படி 1: ஆரம்பப் பொத்தானின் மீது வலது சொடுக்கல் செய்து ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ என்பதைத் தெரிவு செய்க.

படி 2: தட்டு 0, தட்டு 1 என வரிசையாகத் தெரியும். கொள்ளளவைப் பார்த்துப் பழைய தட்டை அடையாளம் காண்க. இலக்கத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

படி 3: பழைய தட்டிலுள்ள ஒவ்வொரு பிரிவின் மீதும் வலது சொடுக்கல் செய்து ‘டிலீட் வொலியூம்’ கொடுக்க. விண்டோஸ் இருந்த தட்டில் தொடக்கத்துக்கான சிறிய பிரிவுகளும் காணப்படும். இவை நீங்கியதும் அவ்விடம் ஒதுக்கப்படாத இடமாக மாறும்.

படி 4: ஒதுக்கப்படாத இடத்தில் ‘நியூ சிம்பிள் வொலியூம்’ கொடுத்து, பிரிவின் அளவையும் அதற்குரிய எழுத்தையும் தெரிவு செய்க.

படி 5: கோப்பு முறைமையைத் தெரிவு செய்து, பெயரிட்டு, விரைவு வடிவமைப்பா முழு வடிவமைப்பா எனத் தீர்மானிக்க.

பழைய தட்டுக்கு முதற்தடவை முழு வடிவமைப்பே உகந்தது. நேரம் எடுக்கும். உதாரணமாக 80 கிகாபைற்றுத் தட்டொன்று யூ.எஸ்.பி. 2.0 வழியாகச் செக்கனுக்கு 30 மெகாபைற்று வீதம் எழுதுமாயின்,

80 000 ÷ 30 = ஏறத்தாழ 2667 செக்கன் = ஏறத்தாழ 44 நிமிடம்.

இடையில் மின்வடத்தைக் கழற்றக் கூடாது.

7. எந்தக் கோப்பு முறைமை?

எஃப்.ஏ.டி. 32: பழைய சாதனங்கள் பலவும் வாசிக்கும். ஆனால் ஒரு தனிக் கோப்பு 4 கிகாபைற்றை எட்ட முடியாது.

என்.டி.எஃப்.எஸ்.: 1993இல் விண்டோஸ் என்.டி.யுடன் வந்தது. பெரிய கோப்புகளையும், கோப்புகளுக்கான அனுமதிகளையும் ஏற்கும். விண்டோஸ் கணினியினுள் நிலையாக இருக்கும் தட்டுக்கு இதுவே பொருத்தம்.

எக்ஸ்.எஃப்.ஏ.டி.: பெரிய கோப்புகளை ஏற்கும்; விண்டோஸ், மக் இரண்டிலும் எழுத முடியும். எடுத்துச் செல்லும் தட்டுக்குப் பொருத்தம்.

கோப்பு முறைமை இடத்தைக் கொத்துகளாக ஒதுக்குகிறது. கொத்து 4 கிலோபைற்று எனின், 5 கிலோபைற்றுக் கோப்புக்கு 2 கொத்துகள், அதாவது 8 கிலோபைற்று ஒதுக்கப்படும். எஞ்சிய 3 கிலோபைற்றை வேறு கோப்பு பயன்படுத்த முடியாது.

8. ‘80 கிகாபைற்று எங்கே போனது?’

80 கிகாபைற்று என அச்சிடப்பட்ட தட்டை விண்டோஸ் ஏறத்தாழ 74.5 எனக் காட்டும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என எண்ண வேண்டாம். உற்பத்தியாளர் 1 கிகாபைற்று = 1 000 000 000 பைற்று எனக் கணிக்கிறார். விண்டோஸ் 1024 × 1024 × 1024 = 1 073 741 824 பைற்று எனக் கணிக்கிறது.

80 000 000 000 ÷ 1 073 741 824 = 74.5 (ஏறத்தாழ)

9. அழித்தது உண்மையில் அழிந்ததா?

ஒருமுறை வகுப்புக் கணினியில் ஒரே கொள்ளளவுடைய இரண்டு தட்டுகளை இணைத்திருந்தேன். மாணவர் சூழ நிற்க, வேகமாகச் செய்து காட்டும் ஆவலில் பிழையான தட்டை விரைவு வடிவமைப்புச் செய்துவிட்டேன். அதில் மூன்று வருடங்களாக நான் தட்டச்சுச் செய்த மாதிரி வினாத்தாள்கள் இருந்தன. உடனே கணினியை நிறுத்தி, அத்தட்டில் எதனையும் எழுதாமல், மீட்பு மென்பொருள் மூலம் தேடியபோது பெரும்பாலானவை கிடைத்தன. பல கோப்புகளின் பெயர்கள் போய்விட்டன. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துப் பெயரிட இரண்டு வாரங்கள் சென்றன. நூற்பட்டி போயிற்று, நூல்கள் இருந்தன என்பதை அன்று நான் அனுபவத்தில் படித்தேன். படி 2இல் அவசரப்பட வேண்டாம் என்று இன்றும் கூறுவது அதனாலேயே.

எனக்கு உதவிய அதே இயல்பு, தட்டு பிறர் கைக்குப் போகும்போது ஆபத்தாகிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஆய்வு மாணவர்களாயிருந்த சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலட் ஆகிய இருவரும் பாவித்த வன்தட்டுகள் 158ஐ விலைக்கு வாங்கி ஆராய்ந்து, 2003இல் முடிவுகளை வெளியிட்டனர். அவற்றுள் 129 தட்டுகள் வேலை செய்தன. முறையாகத் துடைக்கப்பட்டிருந்தவை 12 மாத்திரமே. மற்றவற்றிலிருந்து 5000க்கும் மேற்பட்ட கடனட்டை இலக்கங்கள், மருத்துவத் தகவல்கள், மின்னஞ்சல்கள் கிடைத்தன. ஒரு தட்டு வங்கியின் தானியங்கிப் பணப்பொறியிலிருந்து வந்ததாகக் காணப்பட்டது.

நம் வீட்டுத் தட்டிலும் அடையாள அட்டைப் பிரதி, வங்கிப் புத்தகப் படம், குடும்பப் புகைப்படங்கள் உண்டு. எனவே தட்டை விற்கும்போதோ ஒருவருக்குக் கொடுக்கும்போதோ எல்லாப் பிரிவுகளையும் நீக்கி, முழுத் தட்டையும் ஒரே பிரிவாக்கி, முழு வடிவமைப்புச் செய்ய வேண்டும். பிறருடைய தட்டு நம் கைக்கு வந்தால் அதில் தேடிப் பார்ப்பது முறையன்று. இலங்கையில் தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாப்பதற்கென 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் நிறைவேற்றப்பட்டுள்ளது என்பதையும் அறிந்திருங்கள்.

குறிப்பு: இங்கு கூறியவை சுழலும் வன்தட்டுகளுக்கு உரியவை. திண்மநிலைத் தட்டுகளில் நீக்கப்பட்ட இடங்களைத் தட்டே பின்னணியில் வெறுமையாக்கிவிடுவதால் மீட்பது பெரும்பாலும் கடினம்.

10. பழைய தட்டில் எதை வைக்கலாம்?

பழைய தட்டு எப்போதும் நின்றுபோகலாம். ஆகவே அதனை இரண்டாவது பிரதி வைக்கும் இடமாகப் பயன்படுத்துங்கள். ஒரே பிரதியை அதில் வைக்காதீர்கள். பிரதான தட்டிலிருந்து கோப்புகளை வெட்டி அதில் ஒட்டினால் அது காப்புப் பிரதி ஆகாது. இடம் மாறியதேயன்றிப் பிரதி ஒன்றுதான்.

காப்புப் பிரதிக்கு 3-2-1 என ஒரு விதி உண்டு. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறிடத்தில். கடைசி விதி நமது பிரதேசத்தார்க்குச் சொல்லி விளங்கவைக்கத் தேவையில்லை. பிங்கா ஓயா பெருக்கெடுத்தால் அக்குறணை நகரில் வீதியும் கடைகளும் நீரில் மூழ்குவதைக் கண்டிருக்கிறோம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போது கண்டி மாவட்டத்தில் வெள்ளமும் மண்சரிவும் உயிர்களையும் வீடுகளையும் கொண்டுபோயின. அவ்வேளையில் எவரும் கணினியைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது, ஓடவும் கூடாது. அலவத்துகொடையில் வீடு உள்ளவர் ஒரு பிரதியைக் கண்டியிலோ மாத்தளையிலோ உள்ள உறவினர் வீட்டில் வைத்தால், வீட்டுக் கணினி போனாலும் சான்றிதழ்ப் பிரதிகளும் படங்களும் மிஞ்சும். பெறுமதியற்றதென ஒதுக்கிய 80 கிகாபைற்றுத் தட்டு இதற்குப் போதுமானது.

நினைவிற் கொள்க

• விரைவு வடிவமைப்பு பட்டியை நீக்கும். தரவை உடனே அழிக்காது.
• தவறுதலாக வடிவமைத்தால் அத்தட்டில் எதனையும் எழுதாதே.
• கைமாற்றும் தட்டுக்கு முழு வடிவமைப்பு அவசியம்.
• வடிவமைத்தல் பொறிமுறைப் பழுதைத் திருத்தாது.

மாதிரி வினாக்கள்

1. 60 கிகாபைற்று வெற்றிடமுள்ள தட்டொன்றில் 5 கிகாபைற்று ஒளிக்காட்சிக் கோப்பைப் பிரதி செய்ய முடியவில்லை. காரணம் யாதாக இருக்கலாம்? தீர்வு யாது?

2. 500 கிகாபைற்று என அச்சிடப்பட்ட வன்தட்டை விண்டோஸ் ஏறத்தாழ எவ்வளவாகக் காட்டும்?

3. மாணவி ஒருத்தி தனது எல்லாக் கோப்புகளையும் பழைய தட்டுக்கு வெட்டி ஒட்டினாள். அவளிடம் காப்புப் பிரதி உள்ளதா? விளக்குக.

விடைகள்

1. தட்டு எஃப்.ஏ.டி. 32 முறையில் வடிவமைக்கப்பட்டிருக்கலாம். அம்முறையில் தனிக் கோப்பு 4 கிகாபைற்றை எட்ட முடியாது. தட்டிலுள்ள தரவை வேறிடத்திற்குப் பிரதி செய்து, என்.டி.எஃப்.எஸ். அல்லது எக்ஸ்.எஃப்.ஏ.டி. முறையில் மீள வடிவமைக்க வேண்டும்.

2. 500 000 000 000 ÷ 1 073 741 824 = ஏறத்தாழ 465.7 கிகாபைற்று.

3. இல்லை. வெட்டி ஒட்டும்போது மூலக் கோப்பு நீங்கிவிடுவதால் ஒரே பிரதியே எஞ்சுகிறது. பழைய தட்டு பழுதடைந்தால் எல்லாவற்றையும் இழப்பாள். அவள் கோப்புகளைப் பிரதி செய்து இரு இடங்களிலும் வைத்திருக்க வேண்டும்.