உறங்கிய பெட்ரோல், முரண்டு பிடிக்கும் எஞ்சின்

புல்வெட்டி கிளம்ப மறுத்தால் எஞ்சினைப் பழிக்கும் முன் டேங்கைத் திறந்து பார்க்க வேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு இந்தப் பாடத்தின் விலை கூடியிருக்கிறது.

கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்கும் நாள் ஜூன் 1. அடுத்த சில வாரங்களில் ரப்பர் தோட்டங்களிலும் தென்னந்தோப்புகளிலும் வீட்டுக் கொல்லைகளிலும் புல் முழங்கால் உயரம் ஏறிவிடும். கோடை முழுவதும் கொட்டகையில் கிடந்த இயந்திரத்தின் ஞாபகம் அப்போதுதான் வரும். தரையில் கிடத்திக் கயிற்றை இழுப்பார்கள். ஐந்து முறை, பத்து முறை, இருபது முறை. தோள்பட்டை கழன்றுவிடும் போலிருக்கும். எஞ்சின் மட்டும் வாய் திறக்காது.

'காடுவெட்டு யந்திரம்' என்று மலையாளிகள் அழைக்கும் பிரஷ் கட்டர் இது. புல் அறுக்க ஆள் கிடைப்பது அரிதானதும் அரிவாளின் இடத்தைப் பிடித்தது. குடகின் காப்பித் தோட்டங்களிலும் இமாசலத்தின் ஆப்பிள் தோட்டங்களிலும் இதன் இரைச்சலைக் கேட்கலாம். விவசாயத்தை இயந்திரமயமாக்க மத்திய அரசு 2014-15இல் தொடங்கிய திட்டம் இதற்கும் மானியம் தருகிறது. சொந்தமாக ஒன்றை வாங்கிக்கொண்டு கூலிக்குப் புல் வெட்டப் போகிறவருக்கு மழையின் முதல் வாரங்கள்தான் அறுவடைக் காலம். அதே வாரங்களில்தான் ஊரிலுள்ள கிளம்பாத இயந்திரங்கள் எல்லாம் பட்டறை வாசலில் வரிசை கட்டுகின்றன. அங்கே கழியும் ஒவ்வொரு நாளும் கையை விட்டுப் போன கூலி.

டில்லி பங்களாக்களிலும் பெங்களூரு குடியிருப்பு வளாகங்களிலும் தள்ளிக்கொண்டு போகும் புல்வெட்டிகளின் கதையும் வேறல்ல. இங்கிலாந்தின் எட்வின் பட்டிங் 1830இல் காப்புரிமை பெற்ற இந்தச் சாதனம் வெள்ளையர்களோடு இந்தியாவுக்கு வந்தது. இங்கே பெரிய புல்வெளிகளில் அதைக் காளை இழுத்தது. காளை நின்றுவிட்டால் பசியா, களைப்பா என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். எஞ்சினிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கேட்க வேண்டிய கேள்விகள் நான்கே நான்கு. பெட்ரோல் வருகிறதா? காற்று வருகிறதா? தீப்பொறி வருகிறதா? சிலிண்டருக்குள் அழுத்தம் இருக்கிறதா? நான்கும் இருந்தால் எந்தச் சின்ன எஞ்சினும் ஓடியே தீரும். கேள்விகளை வரிசையாகக் கேட்காமல் கைக்குக் கிடைத்த திருகையெல்லாம் திருகுவதுதான் வீட்டு மெக்கானிக்குகள் செய்யும் பெரிய தவறு.

முதலில் கண்ணால் பார்க்க வேண்டியவை. சுவிட்ச் 'ஆன்' நிலையில் இருக்கிறதா, பெட்ரோல் குழாய் திறந்திருக்கிறதா, குளிர்ந்த எஞ்சினுக்கு சோக் போட்டாயிற்றா? நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் என்றால் ஆயில் அளவையும் பார்க்க வேண்டும். ஆயில் குறைந்தால் தானே நின்றுவிடும் ஏற்பாடு சில எஞ்சின்களில் உண்டு. எத்தனை இழுத்தாலும் அவை கிளம்பா.

அடுத்தது ஸ்பார்க் பிளக். டாக்டர் நாக்கை நீட்டச் சொல்வதைப் போலத்தான் மெக்கானிக் பிளக்கைக் கழற்றுகிறார். பல முறை இழுத்த பிறகும் அது காய்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை. நனைந்திருந்தால் பெட்ரோல் அளவுக்கு மீறி வந்துவிட்டது, அல்லது தீப்பொறி இல்லை. கரி அப்பியிருந்தால் காற்று போதவில்லை. ஏர் ஃபில்டரைக் கழற்றித் தூசி தட்ட வேண்டும். பிளக்கின் முனைகளுக்கு இடையே இருக்க வேண்டிய இடைவெளி பல புல்வெட்டி எஞ்சின்களில் 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர். சரியான அளவு அந்தந்த எஞ்சினின் கையேட்டில் இருக்கும்.

பிளக் காய்ந்திருந்தால் பட்டறைகளில் செய்யும் எளிய சோதனை ஒன்று உண்டு. பிளக் துளைக்குள் சில சொட்டுப் புதிய பெட்ரோலை விட்டு, சிந்தியதைத் துடைத்து, பிளக்கை மாட்டிக் கயிற்றை இழுப்பார்கள். எஞ்சின் இரண்டு விநாடி உறுமிவிட்டு அணைந்தால் தீப்பொறியும் அழுத்தமும் சரியாக இருப்பதாக அர்த்தம். குற்றவாளி பெட்ரோல் வரும் பாதையில், பெரும்பாலும் கார்புரேட்டரில் ஒளிந்திருக்கிறான்.

அங்கே நடந்திருப்பது இதுதான். வேலை முடிந்து மூலையில் வைத்தபோது டேங்கில் மிச்சமிருந்த பெட்ரோல் நாளாக ஆக ஆவியாகிறது. அதில் எளிதில் தீப்பற்றும் பகுதிகள் முதலில் பறந்துவிட, பிசின் போன்ற கசடு தங்குகிறது. சின்ன எஞ்சின் கையேடுகள் பலவும் 30 நாளைத் தாண்டிய பெட்ரோலைப் பழையது என்றே கருதுகின்றன. கார்புரேட்டரின் ஜெட்டில் இருக்கும் ஊசிமுனைத் துளையை அடைக்க அந்தக் கசடில் துளி போதும்.

எத்தனால் இந்தத் தொல்லையை வளர்த்திருக்கிறது. நாடு முழுவதும் பெட்ரோலில் 10 சதவீத எத்தனால் என்ற இலக்கு 2022 ஜூனில் எட்டப்பட்டது. 2025இல் அது 20 சதவீதமானது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும் இயல்புடையது. ஈரம் ஒரு அளவைத் தாண்டினால் எத்தனாலும் நீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்குகின்றன. எஞ்சின் உறிஞ்சுவது அந்த அடிப்பகுதியைத்தான். பழைய ரப்பர் குழாய்களும் பிரஷ் கட்டர் கார்புரேட்டரின் மெல்லிய சவ்வும் இதில் ஊறி விறைத்தோ உப்பியோ போகலாம். சின்ன எஞ்சின்களின் கையேடுகள் பலவற்றில் எத்தனாலுக்கு விதித்த உச்சவரம்பு 10 சதவீதமே. காரில் பெட்ரோல் சில நாளில் தீர்ந்து புதிது நிரம்புகிறது. புல்வெட்டியின் டேங்கில் அது மாதக்கணக்கில் உறங்குகிறது. அதுவும் ஈரக்காற்று வீசும் கேரளத்தில்.

பரிகாரம் கடினமல்ல. பழைய பெட்ரோலை முழுவதும் வடித்து, கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றி, அதற்கென்று விற்கும் ஸ்பிரேயால் ஜெட்டைச் சுத்தம் செய்ய வேண்டும். இரும்புக் கம்பியால் குத்தினால் துளை பெரிதாகிவிடும். பிறகு எஞ்சின் பெட்ரோலைக் குடிக்கும், புகையைக் கக்கும். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினானால் ஆயில் கலக்கும் விகிதத்திலும் கவனம் தேவை. 50:1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி. 25:1 என்றால் 40 மில்லி. குறைந்தால் பிஸ்டன் இறுகிவிடும். அந்தச் செலவுக்குப் பாதி எஞ்சின் வாங்கலாம்.

வேறு சில நோய்களுக்கும் தனித்தனி அடையாளம் உண்டு. பத்து நிமிடம் ஓடி நின்று, டேங்க் மூடியைத் தளர்த்தியதும் மறுபடி ஓடினால் மூடியிலுள்ள காற்றுத்துளை அடைத்திருக்கிறது. கல்லில் மோதி நின்ற புல்வெட்டி மறுபடி கிளம்பாமல் கயிற்றைக் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கினால் ஃப்ளைவீலைப் பூட்டும் சிறிய சாவி முறிந்திருக்கலாம். கயிறு எதிர்ப்பே இல்லாமல் லேசாக வந்தால் அழுத்தம் போய்விட்டது. அதற்குமேல் பட்டறைதான்.

எதைத் தொடும் முன்பும் பிளக்கின் ஒயரைக் கழற்றிவிட வேண்டும். கையால் பிளேடைச் சுழற்றினாலும் எஞ்சின் உயிர் பெற்றுவிடக்கூடும். விரல் போன பிறகு எச்சரிக்கைக்கு அர்த்தமில்லை. சூடான எஞ்சினில் பெட்ரோல் ஊற்றுவதும், மூடிய அறைக்குள் ஓட்டிப் பார்ப்பதும் உயிருக்கே ஆபத்து. அந்தப் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

இவ்வளவு பாடுபடாமலிருக்க ஒரே வழி வேலை முடிந்த நாளிலேயே இருக்கிறது. டேங்கை வடித்துவிட்டு, எஞ்சின் தானாக அணையும்வரை ஓடவிட வேண்டும். கார்புரேட்டர் காலியாகிவிடும்; கசடு படிய எதுவும் இருக்காது. ஐந்து நிமிட வேலை. அதைச் செய்தவர் அடுத்த ஜூனில் புல் வெட்டிக்கொண்டிருப்பார். செய்யாதவர் பட்டறை வாசலில் நின்றுகொண்டிருப்பார்.