மாடு அசைபோடுகிறது... நாம் விழுங்குகிறோம்!

தொழுவத்தில் நிற்கும் மாடு அசைபோடவில்லை என்றால், அன்றைக்கு வீட்டில் யாருக்கும் நிம்மதி இருக்காது. 'என்னத்தைத் தின்றது, வயிறு உப்பியிருக்கிறதா?' என்று பார்த்து, கால்நடை மருத்துவருக்கு போன் போட்டுவிடுவோம். நல்ல ஆரோக்கியமான மாடு ஒரு நாளில் ஏழெட்டு மணி நேரம் அசைபோடும். மேலே கொண்டுவரும் ஒவ்வொரு கவளத்தையும் சுமார் 50 முறை மெல்லும். இதையெல்லாம் கவனிக்கும் நாம், நம் தட்டில் இருக்கும் சோற்றை எத்தனை முறை மெல்கிறோம்?

தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி இப்படி எழுதியிருக்கிறார்: 'என் வீட்டுக்காரருக்கு 46 வயது. முன்பு ஏர் ஓட்டினார், நாற்றுக்கட்டு சுமந்தார். இப்போது உழவு, நடவு, அறுவடை எல்லாமே மெஷின்தான். வேலை பாதியாகிவிட்டது, சாப்பாடு மட்டும் அப்படியே இருக்கிறது. ஐந்து நிமிடத்தில் தட்டைக் காலி செய்துவிடுகிறார். எடை ஏறிக்கொண்டே போகிறது. வேகமாகச் சாப்பிடுவதற்கும் எடைக்கும் தொடர்பு உண்டா?'

உண்டு. அதைத்தான் இந்த இதழில் பார்க்கப் போகிறோம்.

மடை அடைக்கத் தாமதம்

வயிறு நிறைந்த சேதி மூளைக்கு உடனே போய்ச் சேராது. இரைப்பை விரிய வேண்டும். குடலில் சில ஹார்மோன்கள் சுரக்க வேண்டும். இதற்குச் சுமார் 15 முதல் 20 நிமிடம் பிடிக்கும். கடைசி வயல் நிறைந்துவிட்டது என்று ஆள் வந்து சொல்லி, மடையை அடைப்பதற்குள் தண்ணீர் வரப்பு தாண்டிப் போகிறதல்லவா? ஐந்து நிமிடத்தில் சாப்பிட்டு முடிப்பவர் வயிற்றிலும் அதுதான் நடக்கிறது. 'போதும்' என்ற சேதி வருவதற்குள் இரண்டாவது முறை சோறு போட்டுக்கொண்டிருப்பார்.

சீனாவின் ஹார்பின் நகரில் நடந்த ஓர் ஆய்வு 2011-ல் வெளியானது. ஒல்லியானவர்கள், பருமனானவர்கள் என இரு வகை இளைஞர்களுக்கும் ஒரே உணவைக் கொடுத்தார்கள். ஒரு நாள் வாய்க்கு 15 முறை, இன்னொரு நாள் 40 முறை மெல்லச் சொன்னார்கள். 40 முறை மென்ற நாளில், இரு வகையினருமே சுமார் 12 சதவிகிதம் குறைவாகச் சாப்பிட்டார்கள். யாரும் அளவைக் குறைக்கச் சொல்லவில்லை. தானாகவே போதும் என்று எழுந்துவிட்டார்கள்.

ஜப்பானில் 3,287 பேரிடம் நடந்த ஆய்வு 2008-ல் வெளியானது. வேகமாகவும், வயிறு முட்டவும் சாப்பிடும் பழக்கம் இரண்டும் உள்ளவர்கள் அதிக எடையுடன் இருக்கும் வாய்ப்பு, இரண்டும் இல்லாதவர்களைப்போல சுமார் 3 மடங்காக இருந்தது. வேகம் ஒன்றுதான் காரணம் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால், 'நொறுங்கத் தின்றால் நூறு வயது' என்று நம் பெரியவர்கள் சொன்னதில் விஷயம் இருக்கிறது என்பது தெரிகிறது.

சிறுதானியம் மட்டும் போதாது

'நாங்கள்தான் கேழ்வரகு சாப்பிடுகிறோமே' என்பீர்கள். களியை எப்படிச் சாப்பிடுகிறோம்? உருட்டி, குழம்பில் தோய்த்து, மெல்லாமலே விழுங்குகிறோம். கூழையும் கஞ்சியையும் மடமடவென்று குடித்துவிடுகிறோம். குழைந்த பச்சரிசிச் சோற்றில் ரசத்தை ஊற்றினால் அதுவும் அப்படியே வழுக்கிக்கொண்டு போகும்.

கூழோடு சின்ன வெங்காயம், வறுத்த கொத்தவரை வற்றல் வைத்துக் கடிப்பது நல்ல பழக்கம். கூழே முதலில் தீர்ந்துபோகாமல், ஒரு கடி, ஒரு வாய் என்று சாப்பிடுங்கள். சோறென்றால் கொஞ்சம் விதையாக வடித்து, கீரை, அவரை, சுண்டல் என்று மெல்ல வேலை இருக்கும் பதார்த்தங்களைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளுக்கு வாங்கித் தரும் பிஸ்கட், பன், பாக்கெட் நொறுக்குத்தீனி எல்லாம் வாயில் கரைந்துவிடும். அமெரிக்காவில் 20 பேரைத் தங்கவைத்து நடத்தி, 2019-ல் வெளியிட்ட ஆய்வில், இதுபோன்ற ஆலைத் தயாரிப்பு உணவுகளைத் தின்ற வாரங்களில் அவர்கள் வேகமாகவும் சாப்பிட்டார்கள். நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகவும் சாப்பிட்டார்கள்.

அடுப்படியில் நின்றபடி...

வீட்டுப் பெண்களின் சங்கதி வேறு. எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, கடைசியில் நின்றபடி நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொள்கிறார்கள். பிள்ளைகள் மிச்சம் வைத்ததும் 'வீணாகப் போகிறதே' என்று அவர்கள் வயிற்றுக்குத்தான் போகிறது. இதற்கு அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. பாத்திரங்களை நடுவில் வைத்து, எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுங்கள். பேசிக்கொண்டு சாப்பிட்டால் வேகமும் தானாகக் குறையும்.

என்ன செய்யலாம்?

* உட்காரும்போதும் எழும்போதும் கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் என்றால் முதலில் பத்தாக்குங்கள். பிறகு இருபதுக்குக் கொண்டுவாருங்கள்.
* கவளத்தைச் சிறிதாக்குங்கள். வாயில் இருப்பது இறங்கும் வரை கை தட்டுக்குப் போகக் கூடாது.
* டி.வி-யையும் செல்போனையும் அணைத்துவிடுங்கள்.
* மறுசோறு வேண்டுமென்றால் ஐந்து நிமிடம் கழித்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

வாசகர் கேள்விகள்

'அறுவடை நேரத்தில் உட்கார்ந்து சாப்பிட ஏது நேரம்?'
வேலை மும்முரமாக இருக்கும் நாள்களை விட்டுவிடுங்கள். இரவுச் சாப்பாட்டிலிருந்து தொடங்குங்கள். அப்போது எந்த மெஷினும் காத்திருக்காது.

'சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். நன்றாக மென்று சாப்பிட்டால் மாத்திரையை நிறுத்தலாமா?'
கூடாது. மெல்வது மருந்துக்கு மாற்று அல்ல. எடை குறைந்தால் மாத்திரையின் அளவை மருத்துவர் முடிவு செய்வார்.

'அப்பாவுக்குப் பல் இல்லை. எப்படி மெல்வார்?'
அரசு மருத்துவமனையின் பல் பிரிவில் காட்டி, பல்செட் பற்றிக் கேளுங்கள். அதுவரை காய்களை நன்றாக வேகவைத்து, மசித்துக் கொடுங்கள். புகையிலை போடும் பழக்கம் இருந்தால் அதை நிறுத்த வேண்டும். ஈறையும் பல்லையும் கெடுத்து, வாய்ப் புற்றுநோயையும் கொண்டுவரும் மெல்லல் அது. வயதானவருக்குக் காரணமில்லாமல் எடை குறைந்தாலோ, விழுங்கச் சிரமப்பட்டாலோ உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

அந்தத் தஞ்சாவூர் வாசகிக்கு ஒரு வார்த்தை: உங்கள் வீட்டுக்காரருக்குச் சோற்றைக் குறைத்துப் போட்டால் கோபம் வரும். அதனால் அளவைப் பற்றிப் பேசாதீர்கள். நீங்களும் தட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். எடை ஒரு வாரத்தில் இறங்கிவிடாது. மூன்று மாதம் கழித்து எடை பார்த்துவிட்டு, எங்களுக்கு மறுபடியும் எழுதுங்கள்.