மலம் கறுத்தால் மறைக்க வேண்டாம்

விடியுமுன் பால்வெட்டுக்குச் செல்லும் தொழிலாளி பாதி நிரையிலேயே களைத்து அமர்ந்தால், வேலைப் பளுவே காரணம் என்போம். ஆயின், களைப்புடன் மலமும் தார்போல் கறுத்திருப்பின், வயிற்றினுள் இரத்தம் கசிகிறது என்று ஐயுற வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுப்பதுண்டு. காரணத்தை மருத்துவரே ஆராய்ந்து கூறவேண்டும்.

இரத்தக் கசிவுக்குப் பெரும்பாலும் வயிற்றுப் புண்ணே காரணமாகும். அரிதாக, இரைப்பை அல்லது சிறுகுடலின் சுவரில் தோன்றும் 'ஜிஸ்ட்' என்னும் கட்டியும் காரணமாகலாம். இது சுவரின் தசைப்பகுதியில் வளர்வதால் நெடுநாள் வலியின்றி மறைந்திருக்கக் கூடும். வாய்வழியே குழாய்க் கருவி செலுத்திப் பார்த்தும், சி.டி. ஸ்கேன் எடுத்தும், கட்டியின் சிறு துணுக்கைச் சோதித்தும் இதனைக் கண்டறிவர்.

பரவாத கட்டியை அறுவைச் சிகிச்சையால் அகற்றுவதே முதன்மையான வழி. பரவிய கட்டிக்கு முன்னாளில் பயனுள்ள மருந்து இல்லை. இக்கட்டிகள் பலவற்றை வளரச் செய்வது 'கிட்' என்னும் மரபணுவில் நேரும் பிழையே என 1998-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். அதன் செயலைத் தடுக்கும் இமாட்டினிப் மாத்திரை, 2000-இல் பின்லாந்தில் இந்நோயுற்ற ஒரு பெண்மணிக்கு முதன்முதலாக அளிக்கப்பட்டது. அவருடைய கட்டிகள் சுருங்கின. இன்று பலருக்கு இம்மருந்து நோயைப் பல ஆண்டுகள் அடக்கி வைக்கிறது. நலம் தெரிந்தவுடன் அதனைத் தாமாக நிறுத்தலாகாது.

குருபோங் வட்டாரத்தினருக்கு மலாக்கா மருத்துவமனை தொலைவன்று. அறிகுறி கண்டதும் அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்கில் கூச்சமின்றிக் கூறுங்கள். வெட்கத்தால் இழக்கும் நாள்கள் திரும்பி வாரா.