ஒரே வார்ப்பில் வேறுவேறு உரு: மனித உருவ எந்திரன்களின் தனித்தோற்ற வடிவமைப்பும் திருப்பூர் வட்டாரத்தின் இரு தொழில்மரபுகளும்

ஆய்வுச் சுருக்கம்

ஒரே மாதிரியில் பெருந்தொகையாக உருவாகும் மனித உருவ எந்திரன்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிவது எவ்வாறு என்னும் வினா, எந்திரவியலில் அண்மைக்காலத்தில் வலுப்பெற்று வருகிறது. இக்கட்டுரை அவ்வினாவைத் திருப்பூர் மாவட்டத்தின் இரு தொழில்மரபுகளோடு பொருத்திப் பார்க்கிறது. ஒன்று, திருமுருகன்பூண்டியின் கற்சிற்பத் தொழில். மற்றொன்று, திருப்பூரின் பின்னலாடைத் தொழில்.

திறவுச்சொற்கள்: மனித உருவ எந்திரன், தனித்தோற்றம், தாளமானம், நால்வர், பின்னல் துணி, திருப்பூர்

முன்னுரை

2010இல் வெளிவந்த ‘எந்திரன்’ திரைப்படத்தின் இறுதிப் பகுதியில் ஒரே முகம் கொண்ட நூற்றுக்கணக்கான எந்திரன்கள் திரையை நிறைக்கின்றன. அவற்றுக்குள் எந்திரனாக வேடமிட்டு நுழையும் விஞ்ஞானி வசீகரனை அடையாளம் காண்பது சிட்டிக்கே உடனடியாக இயலவில்லை. படைத்தவனும் படைப்பும் படைப்பின் நகல்களும் ஒரே முகம் தாங்கியதால் விளைந்த குழப்பம் அது. சிட்டி தீய இயல்புக்கு மாறியதைப் பார்வையாளருக்கு உணர்த்த இயக்குநர் ஷங்கர் தலைமுடியையும் உடையையும் மாற்றினாரேயன்றி முகத்தை மாற்றவில்லை. தனித்தோற்றம் முகத்தில் மட்டும் இருப்பதன்று என்பதை ஒரு வணிகத் திரைப்படம் இவ்வளவு எளிதாகக் காட்டிவிட்டது வியப்புக்குரியது.

திரையில் வேடிக்கையாக நின்ற இக்குழப்பம் பணிக்களத்தில் பொறுப்புச் சிக்கலாகிறது. ஒரு தொழிற்கூடத்தில் ஒரே மாதிரியான ஐந்து எந்திரன்கள் பெட்டி சுமக்கின்றன எனக் கொள்வோம். அவற்றுள் ஒன்று தொழிலாளி ஒருவரின் கையை இடித்துவிடுகிறது. எது இடித்தது என்பதை அவர் சொல்ல முடிய வேண்டும். எந்திரத்தின் பதிவேடு அதைச் சொல்லும் என்பது பொறியாளரின் விடை. ஆனால் அப்பதிவேடு தொழிலாளியின் கையில் இல்லை. அவரிடம் இருப்பது கண்ணும் நினைவும் மட்டுமே. ஆகவே தனித்தோற்றத்தை அழகியலின் ஒரு கூறாக மட்டும் கருதிவிட இயலாது. சாட்சி சொல்லும் உரிமையும் அதனோடு பிணைந்துள்ளது.

நால்வரும் அறுபத்துமூவரும்

கொங்கேழ் தலங்களுள் அவிநாசியும் திருமுருகன்பூண்டியும் திருப்பூர் மாவட்டத்தில் அமைந்தவை. சுந்தரர் தம் பொருளை வேடர்களிடம் பறிகொடுத்துப் பதிகம் பாடிய தலமாகிய திருமுருகன்பூண்டி, இன்று கற்சிற்பக் கூடங்களுக்காகவும் அறியப்படுகிறது. அங்குச் சிற்பிகள் பின்பற்றும் அளவுமுறை தாளமானம் ஆகும். தாளம் என்பது சிலையின் முக நீளம். அது 12 அங்குலமாகப் பகுக்கப்படும். இவ்வங்குலம் அளவுகோலின் அங்குலம் அன்று. செய்யப்படும் சிலையின் உயரத்தையே கொண்டு வகுக்கப்படுவது. உத்தம தச தாளத்தில் உருவம் 124 அங்குலம் பெறும். பிள்ளையாருக்கு ஐந்து தாளம், குழந்தை உருவுக்கு நான்கு தாளம் எனப் படிநிலை அமையும்.

இம்முறையில் ஒரு நுட்பம் உண்டு. ஒரே தாளத்தில் அமையும் உருவங்களின் உடற்சட்டகம் ஏறத்தாழ ஒன்றே. முகமும் பெரிதும் ஒன்றே. எந்திரவியலார் பொதுச் சட்டகம் என்று குறிப்பிடுவதும் இதனைப் போன்றதே. எனில் இவர் இன்னார் என்பது எதனால் தெரிகிறது?

சமயக் குரவர் நால்வரின் உருவங்கள் இதற்குத் தெளிவான விடை தருகின்றன. சம்பந்தர் குழந்தை, கையில் பொற்றாளமோ பாற்கிண்ணமோ இருக்கும். அப்பர் முதியவர், மழித்த தலை, உருத்திராக்கம், தோளிற் சாய்த்த உழவாரம். சுந்தரர் மணக்கோலத்து அணிகலன்களுடன் நிற்பார். மாணிக்கவாசகர் கையில் ஓலைச்சுவடி. இங்கு வேறுபாடு ஒரே இடத்தில் குவிக்கப்படவில்லை. வயது, உயரம், அணி, தலைக்கோலம், கைப்பொருள் எனப் பல வாயில்களில் அது பரவியிருக்கிறது. தொலைவிலிருந்து உயர வேறுபாடு தெரியும். நெருங்கினால் கைப்பொருள் தெரியும். மங்கலான விளக்கொளியிலும் ஒரு குறிப்பாவது பிழைத்துக்கொள்ளும்.

அறுபத்துமூவர் வரிசைக்கு வரும்போது நிலைமை வேறு. கண்ணப்பர் வில்லாலும், சண்டேசுவரர் மழுவாலும், திருநீலகண்ட யாழ்ப்பாணர் யாழாலும் அறியப்படுவர். காரைக்காலம்மையார் பேயுருவில், நிற்போர் வரிசையில் தாம் மட்டும் அமர்ந்திருப்பார். எவ்வளவு கூட்ட நெரிசலிலும் அவரைக் கண்டுகொள்ளலாம். ஆனால் எஞ்சியோரில் பலர் கைகூப்பிய நிலையில் ஒருவரைப்போல் ஒருவர் நிற்பர். அவர்களை அறியப் பீடத்திலோ மேலேயோ எழுதிய பெயரைப் படிக்க வேண்டியிருக்கிறது. குறைந்த எண்ணிக்கைக்குப் போதுமான வேறுபாட்டு முறை, எண்ணிக்கை 63 ஆகும்போது தளர்ந்து, எழுத்தின் துணையை நாடுகிறது. இன்றைய எந்திரன்களின் மார்பில் எண் பொறிப்பதும் இதே தளர்ச்சியின் அடையாளம் எனலாம். எண் படிப்பதற்கு உரியது. படிக்க நேரம் வாய்க்காத நொடியில்தான் விபத்து நிகழ்கிறது.

அச்சும் அதன் விலையும்

முகத்தையே வேறுபடுத்துவது ஏன் எளிதன்று? சிலிக்கோன் தோல் போர்த்திய முகம் ஒவ்வொன்றுக்கும் புதிய மண்ணுருவும் அதிலிருந்து எடுக்கும் புதிய அச்சும் வேண்டும். உள்ளே முகத்தசைபோல் இழுக்கும் சிறு இயக்கிகளின் இடத்தையும் மாற்றியமைக்க நேரும். ஜப்பானின் ஹிரோஷி இஷிகுரோ 2006இல் தம் உருவிலேயே செய்த ஜெமினாய்டு இவ்வகையினது. ஒருவர் முகத்தை ஒரு முறை செய்யவே இத்தனை உழைப்பு எனில், ஆயிரம் முகங்களுக்கு இவ்வழி ஒவ்வாது. சுவாமிமலை வார்ப்பில் மெழுகுருவின்மேல் பூசிய மண்ணச்சை ஒவ்வொரு முறையும் உடைத்தே சிலையை எடுக்கின்றனர். எனவே தனித்தன்மை அம்முறையிலேயே பொதிந்துள்ளது. ஆலை உற்பத்தியில் அச்சு உடைவதில்லை. உடையாத அச்சிலிருந்து பிறப்பவை ஒன்றையொன்று ஒத்தே இருக்கும்.

பொருட்செலவு மட்டுமன்று, வேறொரு தடையும் உண்டு. மசாஹிரோ மோரி 1970இல் எழுதிய கட்டுரையில், எந்திரம் மனிதத் தோற்றத்தை மிக நெருங்கியும் முழுமையாக எட்டாத நிலையில் காண்போரிடம் ஓர் அருவருப்பு எழுகிறது என்றார். தனித்தன்மைக்காக முகத்தில் மச்சமும் சுருக்கமும் சேர்த்துக்கொண்டே போனால் அப்பள்ளத்தில் விழும் வாய்ப்பே மிகுதி. 2018இல் வெளிவந்த ஏபாட் என்னும் தரவுத்தொகுதி 200 எந்திரன்களின் மனிதச் சாயலை ஆராய்ந்தது. புறத்தோற்றம் என்னும் கூறின்கீழ் இமைமயிர், தலைமுடி, தோல் ஆகியவற்றோடு உடையையும் அது வைத்தது. உடையும் உடலின் தோற்றமாகவே எண்ணப்படும் என்பது திருப்பூருக்கு ஆர்வமூட்ட வேண்டிய செய்தி.

பின்னல் உறை

1எக்ஸ் நிறுவனம் 2025 பிப்ரவரியில் அறிமுகப்படுத்திய நியோ காமா என்னும் வீட்டுப்பணி எந்திரன், நைலான் இழையில் பின்னிய முழு உடையை அணிந்திருந்தது. அதே ஆண்டு அக்டோபரில் ஃபிகர் நிறுவனம் வெளியிட்ட மூன்றாம் தலைமுறை எந்திரனும் கழற்றித் துவைக்கத்தக்க துணியால் போர்த்தப்பட்டது. கடினமான நெகிழி ஓட்டிலிருந்து துணிக்கு மாறியதன் முதற்காரணம் பாதுகாப்பு: மெத்தென்ற மேற்பரப்பு மோதினாலும் காயம் குறைவு. தனித்தோற்றம் இம்மாற்றத்தின் துணைப்பயனாகவே வந்து சேர்ந்தது. எனினும் நியோ விற்பனைக்கு வந்தபோது மூன்று நிறங்களே கிடைத்தன. ஆயிரக்கணக்கில் உற்பத்தியாகும் பொருளுக்கு மூன்று நிறம் என்பது வகைப்பாடே தவிரத் தனித்தோற்றம் ஆகாது.

நெய்த துணியன்றிப் பின்னிய துணி ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதை விளக்குவது நலம். நெய்த துணியில் பாவும் ஊடும் நேர்க்கோட்டில் குறுக்கிடுகின்றன. இழுத்தால் இழைக்கு நீள இடமில்லை. பின்னலில் இழை கண்ணி கண்ணியாக வளைந்து கோத்திருக்கும். இழுக்கும்போது முதலில் நீள்வது இழையன்று, கண்ணியின் வடிவமே. முழங்கையும் முழங்காலும் மடங்கும் உடலுக்கு இது இயல்பாகப் பொருந்துகிறது. ஸ்பாண்டெக்ஸ் இழை சேர்த்தால் நீண்டது மீண்டும் பழைய வடிவுக்குத் திரும்பும். மனிதனுக்குப் பனியன் ஏன் பொருந்துகிறதோ அதே காரணம்தான்.

ஆனால் எந்திரனின் உடல் வேறு சில தேவைகளை எழுப்புகிறது. மூட்டு இடைவெளியில் துணி சிக்கக் கூடாது. மோட்டார்களின் வெப்பம் வெளியேற வேண்டும். கேமராவும் தொலைவறி உணரிகளும் மூடப்படலாகாது. பருத்தித் துணியிலிருந்து உதிரும் பஞ்சுத் துகள் மூட்டுகளில் படியும் ஆதலால், துகள் உதிராத பாலியெஸ்டர் அல்லது நைலான் தொடரிழையே ஏற்றது. பருத்தியில் வளர்ந்து, செயற்கையிழைப் பக்கம் இப்போது திரும்பிக்கொண்டிருக்கும் திருப்பூருக்கு இது முழுக்க அந்நியமான களமன்று. கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தினர் 2023இல் காட்டிய பின்னல் தோலோ இன்னும் ஒருபடி மேலே சென்றது. மின்கடத்தும் இழை கொண்ட இரண்டு பின்னல் அடுக்குகளுக்கு நடுவே வலைபோன்ற ஓர் அடுக்கு. அழுத்தும் இடத்தில் மேலும் கீழும் தொட்டு, தொடுகை எங்கு நிகழ்ந்தது என எந்திரன் அறியும். போர்வையே புலனாகிறது.

இவ்வுறையால் ஒவ்வோர் எந்திரனையும் வேறுபடுத்துவது எவ்வாறு? இங்குத்தான் திருப்பூரின் பழக்கம் எதிர்த்திசையில் நிற்கிறது. பனியன் கம்பெனி ஒன்றின் திறமை முழுவதும் ஒருமையைக் காப்பதற்கே பயிற்றப்பட்டுள்ளது. சாயத்திற்கு முன் லேப் டிப் அனுப்பி நிறத்துக்கு ஒப்புதல் பெறுகின்றனர். அடுக்கி வெட்டிய துணித்துண்டுகளில் எண் ஒட்டி, ஒரே அடுக்கின் முன்பக்கமும் பின்பக்கமும் கையும் ஒன்றாகவே தைக்கப்படுமாறு பார்த்துக்கொள்கின்றனர். ஷேடு சிறிது மாறினாலும் செக்கிங்கில் ஆடை ஒதுக்கப்படும். ஆயிரம் உருப்படியும் ஒன்றுபோல் இருப்பதே நேர்த்தி. ஒவ்வோர் உருப்படியும் வேறாக இருக்க வேண்டும் என்னும் ஆணை அங்கு ஏறத்தாழ முரண்நகை.

ஆயினும் அதற்கான கருவிகள் ஊரிலேயே உள்ளன. திரையச்சில் நிறம் ஒன்றுக்கு ஒரு திரை செய்ய வேண்டும். அதனால் சிறு எண்ணிக்கை கட்டுப்படியாகாது. எண்மின் அச்சிடலில் திரை இல்லை. அடுத்த துண்டுக்கு அடுத்த கோப்பு. பாலியெஸ்டர் துணியில் வெப்பத்தால் மையை ஏற்றும் முறை பல நிற உருவமைப்பைத் துணியின் இழைக்குள்ளேயே பதித்துவிடுகிறது. துவைத்தாலும் அச்சு உரிந்துபோவதில்லை. கணினிக் கட்டுப்பாட்டில் இயங்கும் எம்பிராய்டரி எந்திரமும் அவ்வாறே. விளையாட்டு உடை தைப்போர் இதன் எளிய வடிவை ஏற்கெனவே அறிவர்: அணி முழுவதற்கும் ஒரு நிறம், ஆளுக்கொரு எண். குழு அடையாளமும் தனி அடையாளமும் ஒரே துணியில் இரண்டு மட்டங்களில் அமைகின்றன. எந்திரன் உறையிலும் நிறுவனத்துக்குரிய பொது நிறத்தின்மேல், தோள், முன்கை, முதுகு ஆகிய இடங்களில் தனிக் கோலம் அமையலாம். முதுகு குறிப்பாக முக்கியம். விலகிச் செல்லும் எந்திரனைத்தான் பெரும்பாலும் அடையாளம் சொல்ல வேண்டியிருக்கும்.

நிறமும் பாலும்

வேறுபாடு எதனால் அமைகிறது என்பதில் நடுநிலை கிடையாது. உலகில் பெரும்பாலான மனித உருவ எந்திரன்கள் வெள்ளை அல்லது வெளிர் நிறத்தன. கிறிஸ்டோஃப் பார்ட்நெக்கும் குழுவினரும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், மனிதத் தோல் நிறங்கள் ஏற்றப்பட்ட எந்திரன்களின் படங்களைக் காட்டி, ஆயுதம் ஏந்தியதைச் சுடுவதா வேண்டாவா என விரைந்து முடிவெடுக்கச் செய்தனர். மனிதர்மீது கருமை குறித்து நிலவும் சாய்வு எந்திரன்மீதும் வெளிப்பட்டது. கருநிறத்தின்மீது நம் சமூகம் கொண்டுள்ள மனப்பான்மை விளம்பரங்களிலும் மணமக்கள் தேடலிலும் வெளிப்படையாகவே தெரிவது. தனித்தோற்றத்துக்காகத் தோல் நிறத்தைக் கையாண்டால், கனமான வேலைக்குக் கரியது, வரவேற்புக்கு வெளிரியது என்னும் பங்கீடு ஓசையின்றி நுழைந்துவிடும். பாலும் அவ்வாறே. இஸ்ரோ 2020 ஜனவரியில் பெங்களூருவில் காட்டிய வியோமமித்ரா பெண்ணுருவினள். வரவேற்பிலும் உபசரிப்பிலும் நிறுத்தப்படும் எந்திரன்களுக்குப் பெண்பெயரும் பெண்ணுடையும் தருவதும் வழக்கமாகிவிட்டது. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் மாநிலத்தவரும் உள்ளூராரும் அருகருகே பணிபுரியும் திருப்பூர்த் தொழிற்கூடத்தில், எந்திரனின் தோற்றம் எவரையேனும் நினைவூட்டி ஏளனத்துக்கு இடமளிக்குமா என்பது வடிவமைப்பின் தொடக்கத்திலேயே கேட்கப்பட வேண்டிய வினா. துணிக்கோலம், உருவரை, கைப்பொருள் ஆகியவற்றால் வேறுபடுத்துவது இவ்வகையில் முகத்தாலும் தோலாலும் வேறுபடுத்துவதைவிடத் தீங்கு குறைந்த வழி.

அவ்வழியிலும் ஓர் ஓட்டை உண்டு. உறை துவைக்கப்போகும் நாளில் எந்திரன் யார்? இரண்டு உறைகள் மாறி அணிவிக்கப்பட்டால், முந்தைய நாள் இடித்த எந்திரனின் பழி மற்றொன்றன்மேல் ஏறும். நால்வர் உருவங்கள் பட்டும் மாலையுமாக அலங்கரிக்கப்படும் நாள்களில் இதே நிலை உண்டாகிறது. உடலின் அணியும் உருத்திராக்கமும் துணிக்குள் மறைந்துவிடும். அப்போதும் அப்பரின் தோளுக்கு மேல் உழவாரம் நீட்டிக்கொண்டு நிற்கும். சம்பந்தரின் குறுகிய உயரத்தை எந்தப் பட்டும் மறைப்பதில்லை. எந்திரனுக்கும் துணி எட்டாத தலை, மணிக்கட்டு, தோளின் விளிம்பு ஆகிய இடங்களில் நிலையான வேறுபாடு ஒன்று சட்டகத்திலேயே பொருத்தப்பட வேண்டும். உறையின் கோலம் அதனோடு இணைசேர வேண்டும். தலைப்பகுதியின் மேல்விளிம்பை மட்டும் ஐந்தாறு வடிவங்களில் செய்துகொண்டால், முகத்துக்கென அச்சுகள் பெருக்காமலேயே ஒரு கூடத்தின் தேவை நிறைவேறும்.